பட்டில் கத்தரி வைக்காதவர்

எங்கள் தெருவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் போதும், வாசலுக்கு ஒரு டாக்டர் முளைத்துவிடுவார். படித்த டாக்டர் ஒருவர்கூடக் கிடையாது. பத்தாவது பெயிலானவர் முதல் பல் போனவர் வரை அத்தனை பேருக்கும் மருந்து தெரியும். அதிலும் நோயாளி நாயாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தப்பாகப் போனாலும் திருப்பிக் கேட்காது. ஆளுக்கு ஒரு கை பார்த்துவிடுவார்கள்.

எங்கள் நாய் வாங்கி வந்த நாய் இல்லை. ஒரு கோடையில் தானாகவே உள்ளே வந்து, என் மாமனாரின் தறிக்குழியில் இறங்கிப் படுத்துக்கொண்டது. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்கத் தறிக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்குமே, அதுதான் தறிக்குழி. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் வெந்துகொண்டிருந்த எங்களுக்குத் தெரியவில்லை, வந்த அன்றே நாய்க்குத் தெரிந்துவிட்டது. மாமனார் இரண்டு தரம் "ச்சீ, எழுந்து போ" என்றார். அது அசையவில்லை. பிறகு அவர் காலை ஒதுக்கிவைத்து மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அதற்காக அவருக்கு நாய்மேல் பிரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்டால், "அது எங்க படுத்தா எனக்கு இன்னா?" என்பார்.

சோறு போட்டது, குளிப்பாட்டியது, உண்ணி பிடுங்கியது எல்லாம் நான்தான். எனக்கு அந்த நாய் வேண்டும். அந்த வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் நடுவில் எழுந்து போகாமல் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான். என் வீட்டுக்காரர் களம்பூரில் ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறார். நெல் மூட்டை பேசுவதைக் கேட்டாலும் கேட்பார், நான் பேசுவதைக் கேட்க மாட்டார்.

மாமனாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் நல்ல நெசவுக்காரர். அதை நான் சொல்லத் தேவையில்லை, அவரே சொல்லுவார். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், யாராவது புதிதாக வந்தால் கூடுதலாக ஒரு தரம். அதிலும் அவருக்குப் பெரிய பெருமை எது என்றால், பட்டில் கத்தரி வைக்க மாட்டார். நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து இறக்கும் நாளில், கற்பூரம் காட்டிவிட்டு ஒரே ஒரு வெட்டு. அதோடு சரி. மற்றபடி நூல் எவ்வளவு சிக்கினாலும் உட்கார்ந்து விரலாலேயே பிரிப்பார். "கத்தரி எடுக்கறவன் கையாலாகாதவன்" என்பார். எதிர்வீட்டுக்காரர் சிக்கிய நூலைக் கத்தரித்து எறிந்ததற்கு அவரோடு பல நாள் பேசாமல் இருந்தார். அது போதாதென்று, ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், முடிந்ததும் தறியில் மிஞ்சும் துண்டு இழைகளைக்கூட எறிய மாட்டார். ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு, ஒரே நீளமாக்கி, உருண்டையாகச் சுற்றிக் குழிக்கு மேலே விளிம்பில் வைத்துவிடுவார். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பார்.

பாவுக்கு அரிசிக் கஞ்சி போட்டிருப்பார்கள். உருண்டையிலும் அந்தக் கஞ்சி வாசனை இருக்கும். குழிக்குள்ளே நாய். குழிக்கு மேலே கஞ்சி மணக்கும் பட்டு உருண்டை. இதற்கு மேல் என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் இருந்த எங்களுக்குத்தான் தெரியவில்லை. உருண்டை காணாமல் போனபோது மாமனார் எலியைத் திட்டினார்.

முதலில் வாந்தி. மஞ்சளாக, நுரையாக. தண்ணீர் குடித்தால் அதுவும் வெளியே வந்தது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, முதுகைக் கூன் போட்டு நின்றது. கருவாட்டுச் சோறு வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. கருவாட்டை வேண்டாம் என்கிற நாயை நான் அதுவரை பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு அக்காதான் முதல் டாக்டர். "கண்ணு பட்டுட்ச்சி" என்றாள். மிளகாயும் உப்பும் கொண்டுவந்து நாயைச் சுற்றி அடுப்பில் போட்டாள். ஒரு காது மடங்கி, வாலில் பாதி முடி கொட்டிய நாயின் அழகைப் பார்த்து எந்த மகராசி கண் வைத்தாளோ தெரியவில்லை. அடுத்து ஓமத்தண்ணி. அதற்கும் அடங்கவில்லை என்றதும், "தேசூர்ல எங்க சித்தி வூட்டு நாயிக்கும் இதே மாரிதான் இருந்திச்சி. வெளக்கெண்ண ஊத்துனாங்க, செரியா பூட்ச்சி" என்றாள்.

"அந்த நாயி இப்ப நல்லா கீதாக்கா?" என்று கேட்டேன்.

"அது செத்து எவ்ளோ வருசம் ஆவுது!" என்றாள், நான்தான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்டது போல.

மருந்துக்கடைக்காரர் இன்னும் மேல். குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டே, "வாந்தியா? எத்தினி வயசு? பல்லு மொளைக்குதா?" என்றார். "நாய்க்குங்க" என்றேன். அப்போதும் தலை நிமிரவில்லை. "அப்டின்னா பாதி மூடி குடுங்க" என்று குழந்தைகளுக்கான ஆரஞ்சுப் பழ வாசனை மருந்தை எடுத்து நீட்டினார். அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மாமனாரின் வைத்தியம் ஒன்றே ஒன்று. "நாயிதான? பட்டினி போடு. தானா எழுந்து ஓடும்." இதைத் தறியை விட்டு எழுந்திருக்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். அதுவே சாப்பிடாமல்தான் கிடக்கிறது, இதில் நாம் வேறு தனியாகப் பட்டினி போட வேண்டுமா என்று கேட்டேன். தறிச் சத்தம் மட்டும் வந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "நாயிக்கா? நாயிக்காக லீவு போட்டுகினு வரச் சொல்றியா?" என்று சிரித்தார். பக்கத்தில் யாரிடமோ அதையே சொல்லி இன்னொரு தரம் சிரித்தார். வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் நாய் வாசலில் வெளிக்கு உட்கார முயன்று முடியாமல் முக்கியது. கிட்டே போய்ப் பார்த்தேன். வாலுக்கு அடியில் ஒரு நூல் தொங்கியது. கிளிப்பச்சை. முன்பு தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவின் நிறம். காணாமல் போன உருண்டை எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "அய்யய்யோ, பட்டுடி!" என்று கூவினாள். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் மாமனார் தறியை விட்டு எழுந்து வந்தார். நாய் வாந்தி எடுத்தபோது வராதவர், பட்டு என்றதும் வந்தார்.

பார்த்தார். முகத்தில் பயமோ பரிதாபமோ எதுவும் இல்லை. வேலை தெரிந்தவனுக்கு அவன் வேலை கிடைத்துவிட்டால் ஒரு தெளிவு வருமே, அதுதான் இருந்தது. "யாரும் தொடாதீங்க" என்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சம்மணம் போட்டு நாய்க்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"மாமா, வேணாங்க. கத்தரி எடுத்தாரேன். வெளிய கீறத மட்டும் வெட்டிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்" என்றேன்.

"கத்தரியா? பட்டுல கத்தரி வெக்கச் சொல்றியா?"

"அது நாயி வயித்துல கீற பட்டு மாமா."

"எங்க இருந்தா இன்னா? பட்டு பட்டுதான். அறாம இஸ்க்கறதுக்கு எனக்குத் தெரியாதா?"

தெருவே கூடிவிட்டது. அத்தனை பேரும் நெசவுக்காரர்கள். ஒருத்தராவது, இது தறி இல்லை, உயிருள்ள வயிறு என்று சொல்ல வேண்டுமே! "மெதுவா, மெதுவா", "ரெண்டு வெரலால புடி", "முடிச்சி வருது பாரு" என்று யோசனை மட்டும் சொன்னார்கள். அவர் இரண்டு விரலால் நூலைப் பிடித்து, தளரவும் விடாமல் விறைக்கவும் விடாமல் இழுத்தார். உண்மையைச் சொல்கிறேன், அழகாகத்தான் இழுத்தார். ஒரு முழத்துக்கு வந்தது. கூட்டத்தில் யாரோ "அடேங்கப்பா" என்றார்கள். பிறகு நூல் நின்றது. அவர் விரலை மாற்றிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

நாய் கத்தியது. அந்தக் கத்தலை நான் எழுத மாட்டேன். தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. கடிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் கையைக் கவ்வியிருக்கும். இத்தனை நாள் எந்தக் காலின் பக்கத்தில் படுத்துத் தூங்கியதோ அந்தக் காலின் சொந்தக்காரர் என்பதால் பொறுத்துக்கொண்டது. அவர் மறுபடியும் விரலை மாற்றினார். நான் குனிந்து அவர் கையில் ஒரே போடாகப் போட்டேன். படீர் என்று சத்தம் வந்தது. நூல் கையை விட்டுப் போனது.

மருமகள் மாமனாரை அடித்துவிட்டாள். நாய் கதறியதற்கு ஒரு வாய் திறக்கவில்லை. இதற்கு மட்டும், "கலி முத்திப் பூட்ச்சி" என்று ஒரு குரல் வந்தது. முத்தட்டும் என்று நாயை என் பழைய சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவை நிறுத்தினேன். ஆட்டோக்காரர் நாயைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னா பேஜாரு இது? வாந்தி எடுத்தா நீதான் கழுவணும்" என்றார். "கழுவறேன், ஜல்தி போங்க" என்றேன். வண்டி கிளம்பும்போது முன்பக்கம் டிரைவர் பக்கத்தில் ஒருவர் ஏறி உட்கார்ந்தார். என் மாமனார்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

மாட்டாஸ்பத்திரியில் அன்று ஒரு பெண் டாக்டர் இருந்தார். சின்ன வயசு. பேச்சில் ஈவு இரக்கம் கிடையாது. எனக்கு அவரைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் செய்த முதல் காரியமே வேறு மாதிரி இருந்தது. நாங்கள் எல்லாரும் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கினார். நாக்குக்கு அடியில், வேரைச் சுற்றி, அதே கிளிப்பச்சை. சதையில் பதிந்து புண்ணாகியிருந்தது.

"பாருங்க" என்றார். "ஒரு முனை இங்க மாட்டிகினு கீது. இன்னொரு முனை பின்னால. நடுவுல மொத்தக் குடலும். பாவாடைக்கு நாடா கோத்து இழுத்தா துணி எப்படிச் சுருங்கும்? குடல் அப்படித்தான் சுருங்கியிருக்கும். அதுலயே இழுத்தா, நூல் குடலை அறுத்துடும். யாராவது இழுத்தீங்களா?"

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த ஆட்டுக்குத் தடுப்பூசி போடும் போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு அக்கறையோடு அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

"யார் இழுத்தது?" என்று டாக்டர் மறுபடியும் கேட்டார்.

சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஊருக்கே கேட்கும்படி தன் கைவேலையைப் பேசுகிற வாய்தானே! திறக்கவில்லை. சீ என்று ஆகிவிட்டது எனக்கு. "வூட்டுல இழுத்தாங்க. ஒரு மொழம் வந்துச்சிங்க" என்று நானே சொன்னேன். டாக்டர் கத்தரியை எடுத்து நாக்குக்கு அடியில் விட்டார். நறுக் என்று ஒரு சத்தம். போஸ்டர் படித்துக்கொண்டிருந்த முதுகு ஒரு குலுங்கு குலுங்கியது.

இன்றைக்கே வயிற்றைத் திறந்தாக வேண்டும், இங்கே அதற்கு வசதி இல்லை, வேலூர் போங்கள் என்று சொல்லி, அவரே அங்கே ஒரு தனியார் டாக்டருக்குப் போனும் பண்ணினார். "பொழைச்சிடுமா?" என்றேன். "சொல்ல முடியாது" என்றார். பொய்க்காவது ஒரு ஆறுதல் சொல்லத் தெரியாத பெண். என் வீட்டுக்காரருக்கு மறுபடி போன் போட்டேன். இந்தத் தரம் நான் அழுதேன் போலிருக்கிறது. அவர் சிரிக்கவில்லை. அரிசி மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோ ஒன்றை அனுப்பினார். காலி சாக்குகளுக்கு நடுவே நாயை மடியில் வைத்துக்கொண்டு நானும், எதிரே மாமனாரும்.

வேலூர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்க வேண்டுமே. ஒரு நாய்க்குச் சட்டை, இன்னொன்றுக்குத் தள்ளுவண்டி. சட்டை போட்ட நாயை வைத்திருந்த அம்மா, என் மடியில் இருந்த சாக்குத்தூசி படிந்த உருவத்தைப் பார்த்து, "என்ன ப்ரீட்?" என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு கேட்டார். "தறிக்குழி" என்றேன். வெளிநாட்டு ஜாதி என்று நினைத்தாரோ என்னவோ, தலையாட்டிக்கொண்டார்.

உள்ளே கொண்டுபோனார்கள். வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். குடல் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது, ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சேர்த்திருக்கிறோம், இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் இங்கே வரவே வேண்டியிருந்திருக்காது என்றார். "தையல் பிடிச்சுதுன்னா பிழைக்கும். கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடணும். சாப்பிட்டது தானா வெளிய வரணும். அது வரைக்கும் எதுவும் நிச்சயமில்ல" என்றார்.

அப்போதுதான் மாமனார் வாயைத் திறந்தார். ஆட்டோவில் ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு.

"நூலு முழுசா வந்துதுங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு பேர் நடுவில் கூனிக் குறுகிப் போனேன். மனுஷன்தானா என்று நினைத்தேன். டாக்டர் ஒரு தட்டைக் கொண்டுவரச் சொல்லிக் காட்டினார். ரத்தமும் சளியுமாக ஒரு பச்சைக் கற்றை. மாமனார் விரலை நீட்டி அதில் இருந்த ஒரு முடிச்சைத் தொட்டார். அடுத்த முடிச்சைத் தொட்டார். எல்லாம் அவர் போட்ட முடிச்சு.

"ஒண்ணுகூட அவுரல" என்றார்.

பெருமையாகச் சொன்னாரா, வேறு எப்படியாவது சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அப்போது இஷ்டமில்லை. வெளியே போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நாய்க்குக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் புனல். தையலை நக்காமல் இருக்க. அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் சிரிக்காத ஆளில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் விட்டேன். குழைந்த சோற்றில் வேகவைத்த கோழியை மசித்து நெல்லிக்காய் அளவு வாயில் வைத்தேன். துப்பியது. மறுபடி வைத்தேன். மறுபடி துப்பியது. கூடத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்தால், எழுந்திருக்கும் தெம்பு வந்ததும் புனலைச் சுவரில் இடித்துக்கொண்டு தறிப்பக்கமே போகப் பார்த்தது. இழுத்து வந்து படுக்கவைத்தேன். கொல்லப் பார்த்தவன் காலைத் தேடிப் போகிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று அதையும் திட்டினேன். மாமனார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நெய்துகொண்டே இருந்தார். நானும் அவருக்குச் சோற்றைத் தட்டில் போட்டு வைத்ததோடு சரி, பேசவில்லை.

தெருவுக்கு இப்போது ஒரே கேள்வி. காலையில் எழுந்ததும், பல் விளக்கிக்கொண்டே, "போச்சா?" என்பார்கள். சொந்தப் பெற்றோர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்து கேட்டார்கள். கடைசியில் ஒரு காலையில் நாய் தெருக்கோடி வேலிப்பக்கம் போய் உட்கார்ந்து, எந்தக் கத்தலும் இல்லாமல் எழுந்து வந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பார்த்து அழுதேன். நாய்ப் பீயைப் பார்த்து அழுதவள் என்று ஊரில் என் பேர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி பயமில்லை என்று தெரிந்ததும் மாமனாருக்கு வாய் வந்துவிட்டது. டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். "நான் இஸ்து பாத்ததாலதான் உள்ள எவ்ளோ நூலு கீதுன்னு தெரிஞ்சிச்சி. இல்லன்னா டாக்டருக்கு இன்னா தெரியும்?" பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னாள். அவள் பங்குக்கு, அவள் ஓமத்தண்ணிதான் நாயைத் தாங்கிப் பிடித்தது என்றும் சொன்னாள். இவர்களோடு இருந்து தொலைக்க வேண்டுமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி அந்த மனுஷனைக் கேட்டுவிடுவது என்று தறிப்பக்கம் போனேன்.

தறி ஓடவில்லை. மாமனார் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பாவு ஒன்று முடிந்து, மிஞ்சிய துண்டு இழைகள் மடியில் கிடந்தன. மாம்பழ நிறப் பட்டு. முடிச்சுப் போட்டுச் சுற்றிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். கையில் கத்தரி இருந்தது. ஒவ்வொரு இழையாக எடுத்து, நகத்தளவு துண்டாக, நறுக் நறுக் என்று வெட்டி ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். நூல் பிரிக்கிற அந்த விரல்களுக்குக் கத்தரியைப் பிடிக்கத் தெரியவில்லை. கீழே குழியில், அந்த மானங்கெட்ட நாய், புனலோடு அவர் பாதத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

கேட்க வந்ததை அப்படியே விட்டேன்.

"இன்னா மாமா, பட்டுல கத்தரி வெக்கிறீங்க?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "துரு புடிச்சிருக்கான்னு பாக்கறேன்" என்றார்.

கத்தரியின் பிடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டுகூட இன்னும் பிய்க்காமல் இருந்தது.

"நல்லா பாருங்க" என்று சொல்லிவிட்டு நாய்க்குச் சோறு பிசையப் போனேன்.